டமார் சாரின் மூக்குக்கண்ணாடி

ஆசிரியர் அறையில் தேநீர் குடித்து முடித்ததும் டமார் சார் காகிதக் கோப்பையைக் குப்பையில் போடுவதில்லை. எழுந்து போய் அதை அலம்பி, உதறி, கைக்குட்டையால் துடைத்துத் தோள்பைக்குள் வைத்துக்கொள்வார். பிறகு நம் கோப்பையைப் பார்ப்பார். மிச்சமிருக்கும் இரண்டு மிடறையும் நாக்கு பொத்துப்போக விழுங்கிவிட்டுக் கொடுத்துவிட வேண்டியதுதான். "மூடி இருந்துச்சே, அது எங்க?" என்பார் அடுத்து. அப்படி மூடியைத் தேடி மேசைக்கடியில் குனிந்த வரலாற்று ஆசிரியர் இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் விடுப்பில் போனார். மூடி கிடைத்துவிட்டது.

ஐம்பத்தொரு வயது. ஆய்வக மேசைகளின் உயரத்துக்கு வளைந்து பழகிய முதுகு. இடப்புருவத்தில் பாதி இல்லை. தீயோடு ஏதோ பேச்சுவார்த்தை நடத்தியதில் போனது. தடித்த கறுப்புச் சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி, வழுக்குப்பாறையில் குழந்தை இறங்குவதுபோல மூக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். தோள்பையைத் திறந்தால் பலூன், உறிஞ்சுகுழல், நூல்கண்டு, மெழுகுவத்தி, உடைந்த பொம்மைக்காரின் சக்கரம், வினிகர் வாசனை. அவர் எங்கே உட்கார்ந்துவிட்டு எழுந்தாலும் அந்த இடத்தில் ஊறுகாய் ஜாடி திறந்ததுபோல ஒரு நெடி சிறிது நேரம் நிற்கும்.

பெயர் பிள்ளைகள் வைத்தது. அவர் வகுப்பில் எதுவும் வெடித்ததில்லை என்பதுதான் அதற்குக் காரணம். வெடிக்க வேண்டியது வெடிக்காமலும், பறக்க வேண்டியது பறக்காமலும் சதி செய்யும்போது, அவரே கையை விரித்து வாயால் "டமார்!" என்று சொல்லிச் சோதனையை முடித்துவைப்பார். "சத்தம் வந்துச்சா? வந்துச்சு. எழுதிக்கோ."

அடுத்த அறையில் நான் கணக்கு நடத்துகிறேன். நடுவில் இருக்கும் சுவர் பெயருக்குத்தான் சுவர். இந்த ஆண்டு ஒரு வாரம் முழுக்க, தினமும் பத்து இருபதுக்கு அந்தப் பக்கமிருந்து முப்பது தொண்டைகள் ஒன்றாக "ஆ...!" என்று அதிரும். என் வகுப்பு என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கும்.

"சார், அங்க என்னமோ நடக்குது."

"இங்கயும்தான் நடக்குது. ரெண்டு பக்கமும் ஏழால பெருக்கு."

எனக்கு எதற்கெடுத்தாலும் கவலைப்படும் சுபாவம். பிழைக்க வந்த இடம். ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். முதல் நாள் கூரை இடிந்துவிட்டதோ என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். மேசை மேல் ஒரு சீப்பு, நாலு காகிதத் துண்டு. டமார் சார் மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, "என்ன கணக்கு, சத்தம் அதிகமா?" என்றார். குரலில் பெருமை.

அவர் எப்போதும் இப்படி இருந்தவரில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அவருடைய ஒரே கற்பித்தல் முறை "எழுதிக்கோ." அண்ணன் எழுதிய நோட்டைத் தங்கை கொண்டுவந்தால் கால்புள்ளிகூட மாறாமல் பொருந்தும். யாரும் கேள்வி கேட்டதில்லை. அதை அவர் அமைதி என்றே நினைத்திருந்தார்.

பிறகு படிவம் வந்தது. வகுப்பைப் பார்வையிட வரும் ஆய்வாளர் நிரப்புகிற புதுப் படிவம். அதில் நான்காவது கட்டம்: 'மாணவர் வியப்பு – ஐந்துக்கு.' முதல் ஆண்டு டமார் சாருக்கு ஒன்று போட்டார்கள். வியப்பை எப்படி அளக்கிறார்கள் என்று அவர் தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டார்.

"வாய் திறந்திருக்கிற பிள்ளைங்கள எண்ணுவாங்க சார்."

"கொட்டாவி விட்டா?"

"கொட்டாவி சேர்த்தியில்ல."

இரண்டாம் ஆண்டும் ஒன்று. மூன்றாம் முறையும் ஒன்று வந்தால் ஆசிரியரைப் பாடத்திலிருந்து எடுத்து வருகைப்பதிவுப் பிரிவுக்கு மாற்றுவது விதி. அந்தப் பிரிவு மாடிப்படிக்குக் கீழே, சன்னல் இல்லாத அறை. ஏற்கெனவே ஒரு புவியியல் ஆசிரியர் நாலு வருடமாக அங்கே உட்கார்ந்து, தாமதமாக வரும் பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். இப்போதெல்லாம் அவர் யாரைப் பார்த்தாலும், வீட்டுக்கு வரும் விருந்தாளியைக்கூட, "காரணம்?" என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறாராம். படிக்கட்டில் இறங்கும்போதெல்லாம் டமார் சார் அந்தக் கதவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே போவார்.

முதல் ஒன்று விழுந்தபோதே பாவம் பார்த்து அவரை ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். 'மாணவரைக் கட்டிப்போடும் அறிவியல் வகுப்பு' – மூன்று நாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, பயிற்றுநர் திரையில் இருந்த நூற்று நாற்பது பக்கங்களையும் வரி விடாமல் வாசித்தார். ஐம்பத்தாறாம் பக்கத்தில், 'வாசித்துக் காட்டாதீர்கள், செய்து காட்டுங்கள்' என்றிருந்தது. அதையும் வாசித்தார். டமார் சார் முன்வரிசையில் உட்கார்ந்து அத்தனையையும் எழுதிக்கொண்டார். வேறு எதுவும் அவருக்குத் தெரியாதே.

அங்கிருந்துதான் ஐடியா நோட்டு பிறந்தது. இன்றைய தேதிக்கு இருநூற்றுப் பதினான்கு ஐடியாக்கள், வரிசை எண்ணோடு. எதிரே மூன்று பத்திகள்: ஆபத்து, வியப்பு, துடைக்க ஆகும் நேரம். 'எண் 12. தட்டுகளுக்கு அடியிலிருந்து மேசைவிரிப்பை உருவுதல். வியப்பு நான்கு. தட்டு மூன்று.' 'எண் 37. பாட்டிலின் இடுப்பில் துளை. மூடியைத் திறந்தால் நீர் பீறிடும், மூடினால் நிற்கும். துடைக்க அரைமணி.' 'எண் 90. மூன்று நாள் வினிகரில் ஊறிய முட்டை. வியப்பு இல்லை, வாந்தி ஒன்று.'

ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைத் தவிர எல்லாம் இருந்தது. அவர் மனைவி ஒரு மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். எதையும் அளந்து, உறையில் போட்டுக் கொடுப்பதுபோலப் பேசுவார்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இந்த ரெண்டு வருஷமா நான் வாங்குற வினிகர் ஒரு சொட்டு சமையலுக்குப் போனதில்ல தம்பி."

"உனக்கு அறிவியல் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியாது சரி. அந்த பலூனுக்குத் தெரியுதாங்க? நேத்தும் மூணு மணிநேரம் மல்லுக்கட்டுனீங்க."

அவர் நோட்டில் எண் 19-ஐத் திருப்பிக் காட்டினார். பாட்டிலில் வினிகர், பலூனுக்குள் சமையல் சோடா. பலூனைப் பாட்டில் வாயில் மாட்டி நிமிர்த்தினால் சோடா கொட்டும், நுரைக்கும், வாயு கிளம்பும், பலூன் எழுந்து நிற்கும். ஆய்வாளர் வரும் நாளுக்கு அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். ஆபத்து பூஜ்யம். ஆனால் வியப்பைப் பலூனிடம் மட்டும் நம்பிக் கொடுக்க அவர் தயாராயில்லை.

எனவே ஒத்திகை. ஒரு வாரம், தினமும் கடைசி பத்து நிமிடம். சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"முதல்ல மூச்ச இழுக்கணும். அப்புறம் கண்ணு. கடைசியாத்தான் வாய். எல்லாத்தையும் ஒரேயடியாத் தொறந்தா நாடகம் மாதிரி இருக்கும், புரியுதா? நான் எப்ப கண்ணாடியக் கழட்டுறேனோ, அப்ப. கழட்டாம யாராவது வியந்தீங்க, தொலைச்சுப்புடுவேன்."

முப்பத்திரண்டு பேர் வகுப்பில் முப்பத்தொரு பேர் பயிற்சி பெற்றார்கள். ஒரு பெண் மட்டும் அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தாள். டயர் கடைக்காரரின் மகள். சரியாக ஆய்வாளர் வரும் நாளில் காய்ச்சல் விட்டு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

விதிப்படி பார்வையிடலில் சக ஆசிரியர் ஒருவர் துணைக்கு உட்கார்ந்து படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பக்கத்து அறைக்காரன் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். ஆய்வாளர் ஒல்லியான மனிதர். பேனாவின் தலையை டிக், டிக் என்று அமுக்கிக்கொண்டே இருந்தார். என் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது; எந்தப் பேனாவின் சத்தமும் எனக்குத் தனியாகக் கேட்கும்.

டமார் சார் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். பாட்டில்கூடப் பளபளத்தது; முந்தின மாலை அவர் மனைவி உட்கார்ந்து லேபிளையெல்லாம் சுரண்டித் தேய்த்துக் கொடுத்தாராம். பலூனை மாட்டினார். நிமிர்த்தினார். சோடா கொட்டியது. நுரை பொங்கியது. பலூன் லேசாகத் தலையைத் தூக்கி வகுப்பைப் பார்த்தது. என்ன நினைத்ததோ, மறுபடி படுத்துக்கொண்டது.

டிக், டிக்.

டமார் சாரின் நெற்றியில் வேர்வை. கண்ணாடி ஆவி பூத்துவிட்டது. துடைப்பதற்காக, பாவம், வெறுமனே துடைப்பதற்காக, அவர் அதைக் கழற்றினார்.

"ஆ...!"

முப்பத்தொரு வாய்கள். மூச்சு, கண், வாய், ஒழுங்கான வரிசையில். ஆய்வாளர் நாற்காலியோடு துள்ளிவிட்டு, பலூனைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், தான் எதையோ தவறவிட்டதுபோல அவசரமாக எழுதினார். டமார் சார் பதறிக் கண்ணாடியை மாட்டினார். மறுபடி ஆவி. மறுபடி கை போனது.

"ஆ...!" இந்த முறை இன்னும் உருக்கம்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "சார், எதுக்கு எல்லாரும் கத்துறாங்க? அது ஊதவே இல்லையே."

"ஏய், சும்மா இருடி. நீ ஒத்திகைக்கு வரல" என்று முன்னாலிருந்து ஒருவன் பல்லைக் கடித்தான்.

ஆய்வாளர் என் பக்கம் சாய்ந்தார். "என்ன ஒத்திகை?"

"ஆண்டு விழாவுக்கா இருக்கும்" என்றேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேன்.

டமார் சார் வாயைத் திறந்தார். அவர் சொல்லப்போவது எனக்கு மனப்பாடம்: 'ஊதிடுச்சு. எழுதிக்கோ.' ஆனால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள், உண்மையிலேயே பதில் வேண்டி. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வகுப்பு கடமை தவறாமல், "ஆ...!"

"அடச்சீ, நிறுத்துங்கடா!" என்றார். பிறகு அவளிடம், "நீ சொல்லு. ஏன் ஊதல?"

"நுரை வந்துச்சுல்ல சார்? அப்ப காத்து உண்டாயிருக்கு. பலூனுக்கு வரலன்னா வேற எங்கயோ போயிருக்கு."

"எங்க?"

"அதத்தான் நான் உங்களக் கேக்குறேன்."

"பலூன்ல ஓட்டை சார்" என்றான் ஒருவன். டமார் சார் பலூனைக் கழற்றி வாயால் ஊதினார். விறைப்பாக நின்றது. "வினிகர் பழசு சார்." "பழசுன்னா நுரை எப்படிடா வரும், மண்டு?" "சோடாவ அப்படியே நிமித்துனதுதான் தப்பு." பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. அவள் எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்கப்பா கடைல பஞ்சர் பாக்குறதுன்னா தண்ணிலதான் முக்குவாரு. முக்குங்க சார்."

தரை துடைக்கிற வாளி வந்தது. புதிதாக வினிகர், புதிதாக சோடா. பலூன் மாட்டிய பாட்டிலைக் கழுத்துவரை நீரில் முக்கினார்கள். அதன் இடுப்பிலிருந்து முத்துமுத்தாகக் குமிழிகள் வரிசை கட்டி மேலே ஏறின.

"அட!" என்றார் டமார் சார். "இது முப்பத்தேழு!"

ஆணியைச் சுட்டுப் போட்ட பழைய துளை. வேலை முடிந்ததும் டேப் ஒட்டி மறைத்து வைத்திருந்தார். பாட்டில் நல்ல பாட்டில், தூக்கிப் போட மனம் வரவில்லை. பளபளப்புக்காகத் தேய்த்ததில் லேபிளோடு டேப்பும் போயிருக்கிறது.

அவள் துளையில் விரலை வைத்தாள். பலூன் எழுந்தது. விரலை எடுத்தாள். மெல்லப் படுத்தது. "நான் வைக்கிறேன், நான் வைக்கிறேன்." வாளித் தண்ணீர் என் செருப்புவரை வந்தது. யாரும் "ஆ" என்று சொல்லவில்லை. ஒருவருக்கும் நேரமில்லை, எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் பேச்சில்லாமல் திறந்திருந்த ஒரே வாய் டமார் சாருடையது. அதை எண்ணுவதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை.

"சார், ஓட்டை இன்னும் கீழ, வினிகருக்குள்ள இருந்திருந்தா?"

"தெரியலயே" என்றார் டமார் சார். வேலைக்குச் சேர்ந்து இருபத்தொரு வருடத்தில் வகுப்பில் அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுதான் முதல் முறை. "நாளைக்குப் போட்டுப் பாத்துருவோம்."

படிவம் மாலையில் கைக்கு வந்தது. 'மாணவர் வியப்பு: ஐந்து. முற்பகுதியில் மாணவர்கள் மூன்று முறை ஒருமித்து வியந்தனர். பிற்பகுதியில் உபகரணப் பழுதால் பாடம் தடைப்பட்டது. மாணவர் இருக்கைகளை விட்டு எழுந்தனர். ஆசிரியர் ஒரு வினாவுக்கு விடை தெரியாது என ஒப்புக்கொண்டார். இப்பகுதியைத் தவிர்த்தால் இது முன்மாதிரி வகுப்பு. பதினைந்து நாளில் மறுபார்வை. அதன் பிறகே மதிப்பெண் உறுதியாகும்.'

கீழே என் கையெழுத்து. போட்டேன்.

தலைமையாசிரியைக்கு ஒரே பூரிப்பு. "பாத்தீங்களா சார், நீங்களும் முன்மாதிரி ஆயிட்டீங்க! அந்த மூணு ஆச்சரியத்த மட்டும் அப்படியே வச்சுக்கோங்க. ஓட்டை வேணாம்."

"சரிங்க மேடம்" என்றார் டமார் சார். மேலிடத்தில் யாரிடமும் அவர் வேறு எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு பத்து இருபதுக்குச் சுவர் அதிரவில்லை. பதிலாக ஓயாத சளசளப்பு. சந்தைக்கடை போல ஆளுக்கொரு பக்கம் பேச்சு, நடுவில் நாற்காலி இழுபடும் சத்தம், எப்போதாவது "இல்ல சார், இப்படி வச்சுப் பாருங்க." என் வகுப்பு மறுபடி என்னைப் பார்த்தது. "சார், அங்க என்ன சண்ட?" ஏழால் பெருக்கச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

ஒரே ஒரு தொல்லை மிச்சமிருந்தது. பழக்கதோஷம். டமார் சார் எதற்காகக் கண்ணாடியைக் கழற்றினாலும், சளசளப்பு அப்படியே நின்று, முப்பத்தொரு பிள்ளைகளும் அனிச்சையாக "ஆ...!" என்பார்கள். நடைக்கூடத்தில் பார்த்தாலும் அதே கதை. "மூஞ்சி கழுவ முடியல கணக்கு" என்றார் என்னிடம். "குழாயடில நின்னு வியக்குதுங்க. வேணாம்டான்னு சொல்லிப் பாத்துட்டேன். 'தானா வருது சார்'ங்குதுங்க."

அவர் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஒரே நேரத்தில் நான்கு போத்தல் வினிகர் வாங்கிக்கொண்டிருந்தார்.

"நான்தான் தம்பி அந்த டேப்பத் தேய்ச்சு எடுத்தது. அழுக்குன்னு நெனச்சேன்." சற்று நின்று, குரலைத் தாழ்த்தினார். "இத்தன வருஷத்துல எதக் கேட்டாலும் இவர்கிட்ட பதில் இருக்கும். தப்பாவாவது இருக்கும். நேத்து ரெண்டு தடவ 'தெரியல'ன்னாரு. உடம்புக்கு ஏதாவதோன்னு பயந்து நெத்தியத் தொட்டுப் பாத்தேன்."

"என்ன சொன்னார்?"

"'தெர்மாமீட்டர் இல்லாம எப்படி உனக்குத் தெரியும்?'ங்குறாரு. சரி, உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

மறுபார்வை நாள் வந்தது. மாடிப்படிக்குக் கீழே புவியியல்காரர் தன் மேசையில் பாதியைக் காலிசெய்து, துணியால் துடைத்தும் வைத்திருப்பதாகக் காலையிலேயே செய்தி. ஆய்வாளர் போன முறை உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். டிக், டிக். நான் பக்கத்தில். முப்பத்திரண்டு பிள்ளைகளின் கண்ணும் ஆசிரியரின் மூக்கு மேலேயே இருந்தது. டயர் கடைக்காரர் மகளுக்கும் இதற்குள் சங்கதி தெரிந்துவிட்டது. இதைவிட எளிய பரீட்சை உலகத்தில் கிடையாது. மூன்று முறை கழற்றினால் போதும். வேலை அவருடையது.

டமார் சார் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். அதே பழைய பாட்டில். புதிது ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி மூன்று நாளாக நான் அவரிடம் மன்றாடியிருந்தேன். துளை மீது டேப் இல்லை.

"சார்..." என்றேன், உதடு அசையாமல்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அன்று படுத்துக்கொண்ட அந்தச் சிவப்புப் பலூனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். கத்தரிக்கோலால் அதில் ஒரு நீளமான நாடா வெட்டினார். நாடாவின் ஒரு முனையைக் கண்ணாடியின் வலக்காதில் முடிந்தார், தலைக்குப் பின்னால் கொண்டுபோய் மறுமுனையை இடக்காதில் முடிந்தார், அதன் மேல் இன்னொரு முடிச்சும் போட்டார். பிறகு தலையை ஒருமுறை பலமாக உதறிப் பார்த்தார். கண்ணாடி அசையவில்லை.